சிவப்பு இல்லாத சுவரொட்டி

முப்பத்தொன்று என் டோக்கன், இப்போது உள்ளே போயிருப்பது பத்தொன்பது, நடுவில் பதினொரு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் அரைமணி நேரம் இருக்கிறது, அதற்குள் எழுந்து போய்விடலாம், யார் என்னைப் பிடித்து வைக்கப்போகிறார்கள். மதுரையிலிருந்து விடிகாலைப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு, திண்டுக்கல்லில் இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்திருக்கிறேன், எந்த நோயும் இல்லாமல். சுவர்ப் பலகையில் இருந்ததிலேயே மலிவான பரிசோதனையைக் காட்டி "இது" என்று முணுமுணுத்தேன். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இல்லை என்று தலையை ஆட்டினேன். "வெறும் வயித்து சுகர். யாருக்கு, அம்மாவுக்கா?" எனக்குத்தான் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். இருபத்தொரு வயதில் சர்க்கரை பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும், வேறு எந்த இடமாக இருந்தாலும் கேட்டிருப்பேன், ஆனால் என் குரல் அந்தப் பச்சைத் திரையைத் தாண்டிப் போய்விடக்கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாக்கா இருக்கிறார். "கையை இறுக்கிப் பிடிங்க. இங்க பார்க்காதீங்க, ஜன்னலைப் பாருங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது." மூன்று வருடம் கைப்பேசியில் கேட்ட குரல், ஐந்து மாதமாகக் கேட்காத குரல். முகத்தைப் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை, என் வாட்ஸாப் படத்தில் முகம் இருக்கும் இடத்தில் ரப்பர் முகமூடிதான் இருக்கிறது. நான் வந்திருப்பது ஒரு தகவலைத் திருத்த. அவருடைய பழைய சினிமாச் சுவரொட்டி போலி என்று சொன்னேன், போலி இல்லை, அசல். அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தகவலைத் திருத்த யாராவது பட்டினி கிடந்து ஊர் விட்டு ஊர் வருவார்களா முத்தரசி, என்று கேட்கிறது ஒன்று உள்ளே. வருவார்கள். ஆராய்ச்சி மனம் உள்ளவர்கள் வருவார்கள். வாயை மூடு.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஆறடிக்குக் குறையாது, மீசையே ஒரு முழம், கையில் முப்பதாம் நம்பர் டோக்கனை நான்காக எட்டாக மடித்து மடித்து அது இப்போது பீடித் துண்டு மாதிரி ஆகிவிட்டது. "தங்கச்சி, உள்ள ஊசி பெருசா?" என்றார். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினேன். "எனக்கு ரத்தம்னா ஆகாது. லாரியில நெல்லு மூட்டை ஏத்துறவன்தான், ஆனா கோழி அறுக்கிற பக்கம்கூட போகமாட்டேன். வீட்டுல சிரிக்கும்." ரத்தம் ஆகாதவருக்கு அத்தனை பெரிய மீசை எதற்கு என்று ஜெசிந்தாக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார், சிரித்திருப்பார். ஒரு நாளைக்கு எண்பது பேர் கையில் ஊசி குத்துகிறேன் அரசி, அதில் கண்ணை மூடுகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள்தான், பொம்பளைகள் மாசாமாசம் பார்த்துப் பழகினவர்கள் என்பார். இதை அவர் எங்கள் பேய்ப்பட வாட்ஸாப் குழுவிலேயே போட்டார், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த குழுவில், அன்றைக்கு ஒருத்தனும் பேசவில்லை. "தனியாவா வந்த?" என்றார் மீசைக்காரர். தலையை ஆட்டினேன். "நானும் தனியாத்தான். கூட யாராச்சும் இருந்தா தேவலைன்னு இப்ப தோணுது." இருபது. இருபத்தொன்று. ஸ்பிரிட் வாசனை காலி வயிற்றில் போய்ப் படிகிறது. இவரை நினைத்து எனக்கு ஏன் கோபம் வருகிறது. தனியாக வந்ததை இவ்வளவு சுலபமாக ஒருவர் சொல்லிவிடலாம் என்பதுதான் கோபம்.

விடுதியில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் பேய்ப் படங்களின் பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் வாசலில் கண்ணாடிக்குள் குத்திவைக்கும் ஸ்டில்கள், கேசட் அட்டைகள், சேலத்தில் ஒரு மேஜிக் சாமான் கடையில் வாங்கின அந்த முகமூடி, ஏதோ ஒரு படப்பிடிப்பில் ரத்தக்காட்டேரிக்கு வைத்த பல் செட்டு என்று சொல்லி ஒருவன் விற்ற பல் செட்டு, அது உண்மையில் யாரோ பெரியவரின் பொய்ப்பல்தான் என்று ஜெசிந்தாக்கா போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். பெட்டி என் கட்டிலின் கீழ் இருப்பதால் என் அறைத்தோழி சிவகாமி அவள் பக்கத்துத் தரையில் விபூதியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், வாரம் ஒரு முறை புதுப்பிப்பாள். "உனக்கு மனசுல ஏதாச்சும் கஷ்டமாடி? நல்ல குடும்பத்துப் பொண்ணு ஏன் இதெல்லாம் பார்க்கணும்?" காதல் படம் பார்க்கிறவளிடம் உனக்கு என்ன கஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மணி நேரம் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டே போவான், அது காதல். செத்துப்போன பெண் திரும்பி வந்து அவனைத் துரத்தினால் அது குப்பைப் படம். இதை நான் முதுகலை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன், பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழுவில் சேர்ந்த புதிதில் கிரிதரன் என்று ஒரு சென்னைக்காரர், அங்கே பெரிய சேகரிப்பாளர் என்று பெயர், "பொண்ணுங்களும் பேய்ப் படம் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா, பயமா இருக்காதாம்மா?" என்றார். நான் பதினாறு வரியில் பதில் அடித்துக்கொண்டிருந்தபோது அதற்கு முன்னால் வேறொரு பதில் வந்து விழுந்தது: "பயந்தா பார்க்கிறோம் தம்பி. உங்களை மாதிரி தூங்குறதுக்கு இல்ல." அதுதான் ஜெசிந்தாக்கா. அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள்.

இருபத்திரண்டாம் நம்பர் ஒரு குழந்தை, அலறுகிறது, திரைக்குப் பின்னால் அக்கா ஏதோ சொல்கிறார், அலறல் விக்கலாகி நிற்கிறது. என்ன சொல்லியிருப்பார். என்னிடம் கதை சொன்ன மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். 'சாம்பல் பல்லக்கு' என்று ஒரு படம், எண்பத்தி நாலில் வந்து இரண்டு வாரத்தில் பெட்டிக்குள் போனது, பிறகு ஊர் ஊராகக் காலைக்காட்சியில் ஓடி ஓடிப் பேர் வாங்கியது. இப்போது அதன் படச்சுருள் எங்கேயும் இல்லை, இருப்பது யாரோ வீடியோ கேசட்டில் எடுத்துவைத்த ஒரு பிரதிதான், அதிலும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் கிடையாது. கதாநாயகி மோகனா மாமியார் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பழைய பல்லக்கின் திரையை விலக்குவாள், உடனே வீடியோ முழுக்கக் கோடு கோடாக ஓடும், அடுத்த காட்சியில் வீடு எரிந்து கிடக்கும். நடுவில் என்ன நடந்தது. குழுவில் வருடக்கணக்காக இதற்குத்தான் அடிதடி. ஜெசிந்தாக்கா அதைப் பத்து வயதில் தியேட்டரில் பார்த்தவர், எண்பத்தெட்டில், படம் இரண்டாம் தடவை வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பார்த்தேன் என்பதற்கு மேல் குழுவில் எதுவும் சொன்னதில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அவர் எனக்கு மட்டும் ஒலிச்செய்தியாகச் சொன்னார், ஏழு செய்திகள், நடுநடுவே "அடுத்தவங்க வாங்க, கையை மடக்காதீங்க" என்று அவர் வேலையும் நடக்கும். விடுதி மொட்டைமாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவில் மத்தியான வெயிலில் உட்கார்ந்து கேட்டேன். "அவ உள்ள ஏறி உட்கார்ந்துக்குறா அரசி. தூக்குறதுக்கு ஆளே இல்ல. ஆனா பல்லக்கு எழும்புது. அவ கத்தப்போறான்னு நான் காதைப் பொத்திக்கிட்டேன். அவ கத்தல. சிரிக்கிறா. யாரோ ரொம்ப நாள் கழிச்சு அவளைத் தூக்கிக்கிட்ட மாதிரி. அதைப் பார்த்துத்தான் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு." வெயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை யாருக்கும் சொன்னதில்லை, இவனுங்க ஆதாரம் கேப்பானுங்க, நீ கேக்கமாட்டே, என்றார். நீ கேக்கமாட்டே என்றார்.

இருபத்தைந்து. தண்ணீர் குடிக்கலாமா, கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். அந்தச் சுவரொட்டி விஷயத்தில் என் வாதம் தப்பு, ஆனால் வாதத்தின் முறை தப்பில்லை, அதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லட்டும். அக்கா பழைய பேப்பர் கடையில் 'சாம்பல் பல்லக்கு' சுவரொட்டி ஒன்றைக் கண்டெடுத்துப் படம் பிடித்துப் போட்டார், "என் மோகனா வந்துட்டா" என்று எழுதி. அந்தச் சுவரொட்டியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. குழுவில் அப்போது போலிச் சுவரொட்டிகளின் காலம், கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடித்து டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள், நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், கிரிதரனே என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பாட்டுப் புத்தக அட்டையில் மோகனாவின் சேலை சிவப்பு, அக்காவின் சுவரொட்டியில் மஞ்சள். முகம் பச்சை பாய்ந்து கிடந்தது. அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை. மூன்று காரணங்கள். நம்பர் போட்டு எழுதினேன். ஆகவே இது போலி, அக்கா ஏமாந்துவிட்டார் என்று முடித்தேன். நாற்பது ஐம்பது கட்டைவிரல்கள் எழுந்தன. அக்கா எழுதினார்: "நான் பார்த்தப்ப தியேட்டர் சுவத்துல ஒட்டியிருந்ததும் மஞ்சள் சேலைதான்." நான் எழுதினேன்: "பத்து வயதுப் பிள்ளையின் ஞாபகம் சாட்சி ஆகாது." இதுவரைக்கும்கூடச் சரி. இது விவாதம். விவாதத்தில் சூடு இருக்கும். இதற்காக ஒருத்தர் குழுவை விட்டுப் போய், என் எண்ணையும் தடுத்து வைப்பாரா. இதையே ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், இசைத்தட்டு கீறின இடத்திலிருந்து திரும்பவும் சேலை சிவப்பு, முகம் பச்சை, அச்சகப் பெயர் இல்லை. அடுத்தது. அடுத்தது கிரிதரன் எழுதினார்: "அப்போ அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பார்த்தேன் பார்த்தேன்னு அக்கா விட்டதெல்லாம் ரீல்தானா?" அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள் விழுந்தன. கண்ணில் தண்ணீர் முட்டச் சிரிக்கும் முகம். அதில் ஒன்று நான் போட்டது. யாரும் என் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை. எல்லோரும் என் பக்கம் இருந்தார்கள், வாழ்க்கையில் முதல் தடவை ஒரு கூட்டம் முழுக்க என் பக்கம் இருந்தது, அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பை அழிக்கக் கைப்பேசி எவ்வளவு நேரம் கொடுத்ததோ, அந்த நேரம் முழுக்க அழிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நீல டிக் விழுந்தது, எல்லோரும் பார்த்தாயிற்று. 'ஜெசிந்தா வெளியேறினார்.'

"தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு," என்றார் மீசைக்காரர். "சாப்பிடாம வந்தா அப்படித்தான். பயப்படாத, என்னைப் பாரு, நான் தைரியமா இல்லையா." அவருடைய டோக்கன் கிழிந்தேவிட்டது. இருபத்தெட்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் என் ஆய்வேட்டுக்காகச் சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். அங்கே பழைய சுவரொட்டிகளை ஆபீஸ் காப்பி என்று கட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது கட்டுக்குள் மஞ்சள் சேலை மோகனா படுத்திருந்தாள். பச்சை முகம். அடியில் அச்சகப் பெயர் இல்லை. இது எப்படி என்று கேட்டபோது மெஷின்காரர் சிரித்தார். "ரெண்டாவது தடவை ஓட்டுற படத்துக்கு எவன்மா நாலு கலர் போடுவான்? சிவப்பை விட்டுட்டு மூணு கலர்ல அடிச்சுருவோம். சிவப்பு போச்சுன்னா சேலை மஞ்சளாயிரும், மூஞ்சி பச்சையாயிரும். பேய்ப் படம்தானே, இன்னும் நல்லாத்தான் இருக்கும்னு விட்டுருவோம். அடியை வெட்டிருவோம், தியேட்டர்க்காரன் அவன் பேரை ஒட்டிக்கணும்ல." ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது, எண்பத்தெட்டு. கைப்பேசியில் போட்டோ எடுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை பார்த்தது பார்த்ததுதான். இது இன்னும் குழுவில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நான் மேடமாகவே இருக்கலாம். மூன்று வாரம் மேடமாக இருந்தேன். புதிதாக ஒரு ஸ்டில் கிடைத்தால் காட்ட ஆளில்லை, ஒரு படத்தில் பேய் தப்பான காலில் கொலுசு போட்டிருந்தால் சொல்லிச் சிரிக்க ஆளில்லை, சிவகாமியிடம் சொன்னேன், அவள் விபூதிக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினாள். எனக்கு எப்போதும் பேயைக் கண்டு பயம் இருந்ததில்லை. பேய்க்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது, அங்கே அதைப் பார்த்து அலற ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்தொன்பது. முப்பது. மீசைக்காரர் எழுந்து போனார், உள்ளே "ஐயோ யம்மா" என்று ஒரு சத்தம், "ஊசி இன்னும் எடுக்கவே இல்லண்ணே, இது பஞ்சு" என்று அக்கா. வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார், முகம் வெளுத்திருந்தது. முப்பத்தொன்று என்றாள் வரவேற்புப் பெண்.

நான் நினைத்து வைத்திருந்தது பெரிய உருவம், ஆனால் உள்ளே குட்டையாக, கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்து ஒருவர் இருந்தார், பாதி முகம் முகக்கவசத்துக்குள். சீட்டைப் பார்த்தார், "பேரு சொல்லும்மா" என்றார். சீட்டைக் காட்டினேன். "சீட்டுல இருக்கிறது எனக்குத் தெரியுது. ஆள் மாறிடக்கூடாதுல்ல, உன் வாயால சொல்லு." சொன்னேன். முத்தரசி என்று ஐந்து எழுத்து, அவருடைய கை ரப்பர் பட்டையின் மேல் நின்றது, பிறகு அதை எடுத்து என் புஜத்தில் கட்டியது, எல்லோருக்கும் கட்டுகிற இறுக்கம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. "கையை இறுக்கு." அப்போது நான் பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் கொட்டியது. சிவகாசி, ஆபீஸ் காப்பி, மூன்று கலர், அடியை வெட்டுவது, பென்சிலில் எண்பத்தெட்டு, நம்பர் போட்டுத்தான் சொன்னேன் போலிருக்கிறது. உங்க சுவரொட்டி அசல்க்கா, நிரூபிச்சுட்டேன், போட்டோ இருக்கு என்று முடித்தேன். அக்கா நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார். எப்படித் தெரியும், யாராவது சொன்னாங்களா என்றேன். "நான்தான் பார்த்தேனே." ஊசி இறங்கியது. ஜன்னலைப் பார்க்கச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை, என் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ சிரிச்சியே அரசி, அதுக்கு என்ன ஆதாரம் கொண்டுவந்திருக்க?" பதில் இருக்கும், எனக்கு எதற்கும் பதில் இருக்கும், தேடினேன். கூட்டம், கிரிதரன், மேடம், நான் சின்னப் பெண், ஒவ்வொன்றும் ஒரு காரணம், எல்லாவற்றுக்கும் நம்பர் போடலாம். "ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "சிரிச்சேன். தப்பு." இவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, முடிந்துவிட்டதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார். "மடக்கி வச்சுக்க. தேய்க்காத." அவ்வளவுதானா. எழுந்தேன். திரையை விலக்கினேன், வெளியே பதினைந்து பேர் இருந்தார்கள், ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியவில்லை.

"சீட்டை வச்சிட்டுப் போறியே," என்றார் பின்னாலிருந்து. திரும்பினேன். அதில் பேனாவால் ஏதோ எழுதி நீட்டினார். "வெளிய போய் இட்லியோ பொங்கலோ வயிறு நிறையச் சாப்பிடு. முதல் வாய் வைக்கிற நேரத்தைப் பார்த்து வச்சுக்க. அதுல இருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு வரணும், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும்." நான் வெறும் வயிற்றுக்கு மட்டும்தானே கேட்டேன், அந்த ரெண்டாவது டெஸ்ட் என் சீட்டில் இல்லையே, எந்த விதிப்படி நீங்களாகவே சேர்க்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "நான் எழுதிட்டேன்," என்றார், நான் கேட்காததற்கு. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் சிரித்தனவா என்று சொல்ல மாட்டேன், முகக்கவசம் இருந்தது, சாட்சி கிடையாது. "பத்தரைக்கு மேல கூட்டம் இருக்காது. அடுத்தவங்க வாங்க, கையை மடக்காதீங்க." எதிர்ச் சாரியில் ஒரு சின்ன ஓட்டல், இலையில் இரண்டு இட்லி வந்தது, சாம்பாரை மேலே ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒரு கையை மடக்கியபடியே மறு கையால் பிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பத்தி நான்கு, என் கைப்பேசியில் எட்டு நாற்பது. உங்க கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடுது என்று பரிமாறுகிறவரிடம் சொல்லத் திரும்பினேன். சொல்லவில்லை. எட்டு நாற்பத்தி நான்கு என்று சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு, முதல் வாயை வைத்தேன்.